கேப் எருமை: விசையை எப்போது இழுப்பது, எப்போது விரலை எடுப்பது

ஜிம்பாப்வேயின் ஜாம்பெசிப் பள்ளத்தாக்கிலோ தான்சானியாவின் மியோம்போ காட்டிலோ பத்து நாள் வேட்டைக்குப் போனால், எருமைக்கு அறுபது மீட்டர் பக்கத்தில் பல முறை போய் நிற்கலாம். அதில் சுடத் தகுந்த நேரம் ஒன்றிரண்டுதான் வரும். மற்றதையெல்லாம் விடத் தெரிய வேண்டும். முதல் குண்டு தவறான இடத்தில் பட்டால், மிச்ச நாள் முழுக்க 700 கிலோ எடையுள்ள காயம்பட்ட கடாவைப் புதருக்குள் தேடுவதிலேயே போய்விடும். அந்தத் தேடலில்தான் ஆட்கள் குத்துப்படுகிறார்கள்.

ஒரு பெயர்க்குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நாம் காட்டெருமை என்று சொல்வது காட்டுமாடு. அதை வேட்டையாடுவது இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே பேசுவது ஆப்பிரிக்கக் கேப் எருமையைப் பற்றி. அதுவும் உரிமமும் ஒதுக்கீடும் இருக்கிற நாடுகளில் மட்டும். கென்யாவில் 1977 முதலே வேட்டைக்குத் தடை.

உங்களோடு வருகிறவர்களில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் தடம் பார்ப்பவர். இன்னொருவர் உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர், எல்லோரும் பி.எச். என்றே கூப்பிடுவார்கள். எந்தக் கடா என்று முடிவு செய்வது பி.எச். வேலை. ஆனால் அவர் "சுடுங்கள்" என்று சொல்வது அனுமதிதான், கட்டளை இல்லை. அவர் நிற்கிற இடத்திலிருந்து தெரிகிற மார்பு, அரை மீட்டர் தள்ளி நிற்கிற உங்களுக்கு ஒரு மரத்தண்டின் பின்னால் இருக்கலாம். வண்டியை விட்டு இறங்கும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்: கடாவை எப்படி அடையாளம் சொல்வார், "பொறுங்கள்" என்பதற்கு என்ன சைகை, முதல் குண்டுக்குப் பிறகு அவரும் சுடுவாரா, மாட்டாரா. களத்தில் "இடமிருந்து இரண்டாவது" என்று அவர் கிசுகிசுத்தால், "வாலை ஆட்டுகிறதே, அதுவா?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தப்பான எருமையைச் சுட்டால்தான் பிரச்சினை. ரத்தம் சிந்தினாலே கட்டணம் உண்டு, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

எது தகுந்த கடா? கொம்பின் அகலத்தைப் பார்த்து மயங்குவதுதான் புதியவர்கள் செய்கிற முதல் பிழை. அகலமான கொம்பு பெரும்பாலும் நடு வயதுக் கடாவுக்கு இருக்கும். நுனி இன்னும் தேய்ந்திருக்காது. மந்தையில் இனப்பெருக்கம் செய்து கொண்டிருப்பதும் அதுதான். பார்க்க வேண்டியது நெற்றியை. இரண்டு கொம்பின் அடியும் தலைக்கு மேல் தடித்துச் சேருகிற அந்தக் கவசத்தை பாஸ் என்பார்கள். அது முழுக்க இறுக ஏழெட்டு வயதாகும். இறுகாத பாஸில் கொம்புக்கும் மண்டைக்கும் நடுவே மயிரும் மெத்தென்ற தோலும் தெரியும். இறுகியது கருங்கல் மாதிரி வெடித்து, மேடுபள்ளமாக, மயிரில்லாமல் இருக்கும்.

இதில் ஏமாற்றுவது சேறு. சேற்றில் புரண்டு எழுந்த இளங்கடாவின் நெற்றிப் பிளவில் மண் அடைத்துக் காய்ந்துவிட்டால், அறுபது மீட்டரில் அதுவும் இறுகிய பாஸ் போலத்தான் தெரியும். காலைச் சாய்வெயிலில் விழுகிற நிழலும் அப்படியே ஏமாற்றும். அதனால் ஒரே பார்வையில் முடிவெடுக்காதீர்கள். தலையை இரண்டு பக்கமும் திருப்பும் வரை பைனாகுலரை இறக்க வேண்டாம். கூடவே மற்ற அடையாளங்களையும் பாருங்கள்: முகத்தில் மயிர் உதிர்ந்து நரைத்திருக்கிறதா, காது கிழிந்திருக்கிறதா, அலைதாடி தொங்குகிறதா, இடுப்பெலும்பு துருத்துகிறதா, கொம்பு நுனி மழுங்கியிருக்கிறதா. பெட்டைக்கு பாஸ் இருக்காது; கொம்பு மெல்லியது, நடுவில் மயிர் தெரியும். மந்தையை விட்டு விலகி இரண்டு மூன்றாகத் திரிகிற கிழக்கடாக்களை அங்கே 'டக்கா பாய்' என்பார்கள். தென்னாப்பிரிக்க மொழிகளில் சேற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். தேட வேண்டியது இவற்றைத்தான்.

காற்று உங்கள் முகத்தில் அடிக்கிறவரை நேரம் இருக்கிறது. சிறு குப்பியில் சாம்பலோ பவுடரோ வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தட்டிப் பாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் தரை சூடானால் காற்று ஒரு திசையில் நிற்காமல் சுழலும். எருமைகளும் அப்போது நிழலில் படுத்து அசைபோடும். படுத்திருக்கிற கடாவைச் சுடக் கூடாது. கால்கள் மடங்கியிருப்பதால் மார்புக்கூடு எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. எழும்வரை காத்திருக்க வேண்டும். அது ஒரு மணி நேரம் ஆனாலும் சரி, ஈ மொய்த்தாலும் சரி. முதுகில் உட்கார்ந்து உண்ணி கொத்துகிற குருவிகள் சட்டெனச் சத்தமிட்டுப் பறந்தால், உங்களை யாரோ பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தப் பதற்றத்தில் அவசரப்பட்டுச் சுட்டதுதான் பல காயம்பட்ட எருமைகளின் கதை.

இனி கோணம். பக்கவாட்டில் நிற்கும் கடாதான் எல்லோரும் விரும்புவது. முன்னங்காலின் நடுக்கோட்டில் மேலே போங்கள். வயிற்றுப் பக்க விளிம்பிலிருந்து உடலின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள். அங்கே குண்டு சப்பையெலும்பை உடைத்துக்கொண்டு இதயத்தின் மேற்பகுதிக்குப் போகும். கொஞ்சம் மேலே போனாலும் இரண்டு நுரையீரலும் கிடைக்கும். எருமையின் இதயம் நாம் நினைப்பதை விடக் கீழே, இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவே இருக்கிறது. தோளுக்கு மேலே உயர்ந்து நிற்கிற திமில் கண்ணை மேலே இழுக்கும். அந்தத் திமிலுக்குள் இருப்பது முதுகெலும்பின் நீண்ட முட்களும் சதையும்தான். அங்கே பட்ட கடா தடுமாறி விழும், எல்லோரும் கைகுலுக்குவார்கள், அரை நிமிடத்தில் எழுந்து ஓடிவிடும்.

சாய்ந்து நம்மை நோக்கி நிற்கும்போது, நமக்குப் பக்கத்துத் தோள்முனைக்குச் சற்று உள்ளே வையுங்கள். சாய்ந்து நம்மை விட்டு விலகி நிற்கும்போது, நமக்கு மறுபக்கத்து முன்னங்காலை மனசில் வைத்து, குண்டு அங்கே போய்ச் சேருமாறு குறிபாருங்கள். இதில் சாய்வு அதிகமாக இருந்தால் விட்டுவிடுவதே நல்லது. நடுவில் இரைப்பை நிறைய ஈரப்புல் இருக்கும். கனமான குண்டு கூட அந்தப் புல்மூட்டையில் வேகம் தீர்ந்து நின்றுவிடும்.

முகத்துக்கு நேராக நிற்கிற கடாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் நடப்பது அதுதான். எருமை ஆளைக் கண்டதும் பெரும்பாலும் உடனே ஓடாது. மூக்கைத் தூக்கி, கொம்பைப் பின்னுக்குச் சாய்த்து, கடன்காரனைப் பார்ப்பது போல் அப்படியே பார்க்கும். மூக்கு தூக்கியிருக்கும்போது தாடைக்குக் கீழே கழுத்து மார்போடு சேருமிடம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குத் திறந்திருக்கும். அதன் நடுவில் பட்டால் வேலை முடிந்தது. ஒரு சாண் தள்ளினால் குண்டு விலா ஓரமாகச் சறுக்கி ஒரு நுரையீரலை மட்டும் தொடும். ஒற்றை நுரையீரலோடு கடா மணிக்கணக்கில் நடக்கும். தலையைத் தாழ்த்திவிட்டாலோ மூஞ்சியும் பாஸும் மார்பை மறைத்துவிடும். முதல் முறை வந்தவருக்கு நேர்முகக் குறியைப் பல பி.எச்.கள் அனுமதிப்பதில்லை. எங்கள் கருத்தும் அதுதான். அசையாமல் நின்றால் பெரும்பாலும் அது கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய்த் திரும்பும். திரும்புகிற அந்த இரண்டு மூன்று விநாடியில் தோள் கிடைக்கும்; துப்பாக்கி ஏற்கெனவே முக்காலித் தாங்கியில் இருக்க வேண்டும்.

கடாவுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்த்தீர்களா? மந்தையில் குண்டு ஒரு உடலைத் துளைத்து அடுத்த உடலுக்குப் போவது சாதாரணம். அதனால்தான் முதல் தோட்டா விரிகிற வகையாக இருக்க வேண்டும். விரியாத முழு உலோகக் குண்டை அடுத்தடுத்த சுடுதலுக்கு வைத்துக்கொள்ளலாம். விரிகிற குண்டும் சில சமயம் வெளியே போகும் என்பதால், பின்னால் ஒரு பெட்டையின் முதுகு தெரிந்தாலும் காத்திருங்கள். முன்னால் குச்சி, கொடி இருந்தாலும் அப்படித்தான். பெரிய குண்டு புதரை வெட்டிக்கொண்டு போகும் என்பது முகாம்களில் இன்னும் உலவுகிற கட்டுக்கதை.

துப்பாக்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. .375 ஹெச் அண்ட் ஹெச் என்ற தோட்டா வகை, 300 கிரெய்ன் (சுமார் 19 கிராம்) குண்டு போதும். .416 இன்னும் நல்லது, அதிர்வைத் தாங்க முடிந்தால். ஜிம்பாப்வேயில் எருமைக்குக் குறைந்தது 9.2 மி.மீ. விட்டமும் 5.3 கிலோஜூல் ஆற்றலும் சட்டப்படி வேண்டும். ஸ்கோப்பை மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் வையுங்கள். 40 முதல் 80 மீட்டர் நல்ல தூரம். 100க்கு மேல் வேண்டாம்.

மிச்சம் இருப்பது நீங்கள். இருநூறு மீட்டர் தவழ்ந்து வந்திருப்பீர்கள். முழங்காலில் முள், கண்ணில் வியர்வை, நெஞ்சு படபடக்கும். பி.எச். முக்காலித் தாங்கியை விரிப்பார். துப்பாக்கியை அதில் வைத்து, இடது கையால் தாங்கியின் கழுத்தையும் துப்பாக்கியையும் சேர்த்துப் பிடியுங்கள். விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். மூன்று முறை முழுசாக மூச்சை விடுங்கள். இப்போது ஸ்கோப்பின் சிலுவைக் குறியைப் பாருங்கள். அது ஒரு சாசர் அளவுக்குள் ஆடினால் விரல் உள்ளே போகலாம். தோளிலிருந்து வயிறு வரை அலைந்தால், தலையை அசைத்து "இல்லை" என்று சொல்லிவிடுங்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன் இதைப் பழகியிருக்க வேண்டும்: தாங்கியிலிருந்து 50 மீட்டரில், துப்பாக்கியை வைத்த ஐந்து விநாடிக்குள் முதல் குண்டு, அடுத்த மூன்று விநாடிக்குள் இரண்டாவது, இரண்டும் 15 செ.மீ. வட்டத்துக்குள்.

இரண்டாவது குண்டு எதற்கு என்றால், சுடுவது என்ற முடிவில் அதுவும் அடக்கம். சத்தம் கேட்டதும் என்ன ஆச்சு என்று தலையைத் தூக்கிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே, அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட் கைப்பிடியை இழுங்கள். கடா நின்றுகொண்டிருந்து, பின்னால் வேறு எதுவும் இல்லையென்றால், மறுபடி சுடுங்கள். அடுத்த தோட்டாவைச் சேமித்து வைக்கிற விலங்கு இது இல்லை. ஓடி மறைந்துவிட்டால் அப்படியே நில்லுங்கள். நீண்ட, அடித்தொண்டை முனகல் கேட்டால் பெரும்பாலும் முடிந்தது என்று பொருள். கேட்காவிட்டால் இருபது முப்பது நிமிடம் காத்திருந்துதான் தடத்தில் இறங்குவார்கள். நுரையோடு கூடிய வெளிர்சிவப்பு ரத்தம் நுரையீரல்; கருஞ்சிவப்போடு பச்சைப் புல்துணுக்கு கலந்திருந்தால் வயிறு, அன்றைய பொழுது நீளும். கிடக்கிற கடாவைப் பின்பக்கமாக நெருங்கி, இன்னொரு குண்டு போட்டு, நீண்ட கழியால் கண்ணைத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். இமை அசைந்தால் இன்னும் உயிர் இருக்கிறது.

இந்த முப்பது நிமிடக் கணக்கினால்தான் மாலைக் கடைசி வெளிச்சத்தில் சுட வேண்டாம் என்கிறோம். அந்த அட்சரேகையில் அந்தி நீளாது, சட்டென இருட்டிவிடும். சூரியன் விழ முக்கால் மணி நேரம் இல்லையென்றால், குறி எவ்வளவு அழகாக இருந்தாலும் துப்பாக்கியை இறக்குங்கள்.

விட்டுவிடுவது என்று முடிவானால், வந்த வழியே, வந்ததை விட மெதுவாகப் பின்வாங்குங்கள். எழுந்து நின்று முதுகைத் திருப்பி நடக்காதீர்கள். காற்று மாறுவதற்குள் குறைந்தது முந்நூறு மீட்டர் விலகிவிட வேண்டும். கலையாத டக்கா பாய்கள் மறுநாள் காலையிலும் பெரும்பாலும் அதே நீர்க்குட்டையின் பக்கம்தான் இருக்கும். கலைந்தவை வேட்டை எல்லையையே தாண்டிப் போய்விடக்கூடும். தடம் பார்ப்பவர் குளம்படியின் அகலத்தையும் விளிம்பில் இருக்கிற விரிசலையும் மனசில் குறித்துக்கொள்வார். விடியும் முன் அந்தக் குட்டையில் போய் அதே விரிசலைத் தேடுங்கள்.