அகலம் சொன்னால் கேட்காத டேபிள்

சேலம் சிவதாபுரத்தில் சித்தப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. அவருக்காக விலைப்பட்டியல் பக்கம் ஒன்று போட்டேன். மாடல், டச் (வெள்ளியின் தூய்மை), எடை, கூலி என்று நான்கு நெடுவரிசை. போனில் திறந்து பார்த்தவர் "கூலி எங்கடா?" என்றார். 'சலங்கைவைத்தகுழந்தைக்கொலுசு' என்று அவர் இடைவெளி விடாமல் அனுப்பியதை அப்படியே ஒட்டியிருந்தேன், அந்த ஒரு சொல் கூலியைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டது.

எச்டிஎம்எல்லில் டேபிள் போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். போன் அளவில் சோதிக்க எனக்கு ஃபயர்பாக்ஸ்தான்: கன்ட்ரோல், ஷிஃப்ட், எம்.

சும்மா விட்டால் பிரவுசர் எல்லா வரியையும் படித்து, உடைக்க முடியாத நீளச் சொல்லுக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் நாம் கொடுத்த விட்த்தை (அகலத்தை) பார்க்கும். அதனால் சிஎஸ்எஸ்ஸில் டேபிளுக்கு டேபிள்-லேஅவுட்: ஃபிக்ஸ்ட், கூடவே விட்த்: 100%. இரண்டாவதை மறந்தால் பழைய கதைதான்.

அடுத்ததில்தான் ஒரு ராத்திரியே போனது. டச்சுக்கு 15% என்று எழுதியும் நான்கு நெடுவரிசையும் 25%ஆகவே நின்றன. எழுத்துப்பிழையோ என்று சிஎஸ்எஸ்ஸை நாலு தடவை படித்தேன், ஒன்றுமில்லை. ஃபிக்ஸ்ட் முறை அகலத்துக்கு, நெடுவரிசைக்கென்றே உள்ள கால் (col) டேக் இருந்தால் அதைப் பார்க்கும், இல்லையென்றால் முதல் வரியை மட்டும்தான் பார்க்குமாம். என் முதல் வரியோ கால்ஸ்பேன் 4 போட்டு இணைத்த பட்டறைப் பெயர், அளவெல்லாம் இரண்டாம் வரியில்! பெயரைக் கேப்ஷனுக்கு மாற்றினேன். கேப்ஷனுக்குக் கீழே, டிஹெட்டுக்கு மேலே கால்குரூப், அதற்குள் நான்கு கால் டேக்: 40%, 15%, 20%, 25%. (கொலுசுக்குக் கால் டேக், பொருத்தம்தான்.) முதல் வரியின் டிஎச்சில் எழுதினாலும் நடக்கும், ஆனால் நாளைக்கு யாராவது மேலே ஒரு வரி சேர்த்தால் மறுபடி இதே கூத்து.

இப்போது நீளச் சொல் பக்கத்துக் கட்டத்தின் மேல் வழியும். டிடிக்கு ஓவர்ஃப்ளோ-ரேப்: எனிவேர் போதும். பலர் சொல்லும் வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல் எனக்குப் பிடிக்காது, அடுத்த வரியில் முழுதாக உட்காரக்கூடிய சொல்லையும் நடுவில் வெட்டிவிடும்.

பின்சேர்ப்பு: செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒருவர், பத்து நெடுவரிசைப் பட்டியலில் இதைப் போட்டதும் ஒவ்வொரு சொல்லும் இரண்டிரண்டு எழுத்தாகக் கீழே இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தார். சரி, அவ்வளவு அகலப் பட்டியலை டிவ் என்ற ஒரு வெளிப்பெட்டிக்குள் வைத்து, டிவ்வுக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ, டேபிளுக்கு மின்-விட்த்: 700 பிக்சல் கொடுங்கள். பக்கம் அசையாது, டேபிள் மட்டும் விரலோடு நகரும்.