ஸ்பெயினில் காலூன்ற ஒரு சொல்: 'சீத்தா'

ஸ்பெயினில் வந்திறங்கியதும் 'ஓலா' (வணக்கம்), 'கிராசியாஸ்' (நன்றி) இரண்டுக்கும் அடுத்துப் பழக வேண்டிய சொல் 'சீத்தா'. அப்பாயின்ட்மென்ட் என்று பொருள். அலுவலகக் கதவில் 'ஸோலோ கொன் சீத்தா பிரேவியா' என்று ஒட்டியிருந்தால், முன்பதிவு இல்லாதவர் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றாலும் பயனில்லை.

முதலில் உச்சரிப்பு. சீத்தாப்பழத்தில் வரும் சீத்தாதான், 'சீதா' அல்ல. ஸ்பானியக் காதுக்கு நம் ஒற்றை 'த' வேறொரு எழுத்து. 'சீதா' என்றால் புரியாமல் முகத்தைப் பார்ப்பார்கள். மத்ரீத் (மாட்ரிட்) பக்கம் முதல் ஒலியை நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே வைத்து ஊதிச் சொல்வார்கள். கனாரித் தீவுகளிலும் லத்தீன் அமெரிக்காவிலும் வெறும் 'ஸ'தான். எப்படிச் சொன்னாலும் புரியும், 'த்த' மட்டும் அழுத்தமாக வரட்டும்.

கேட்பதற்கு 'பெதிர் சீத்தா', ரத்து செய்வதற்கு 'அனுலார் சீத்தா'. வாசல் காவலர் 'தியேனெ சீத்தா?' என்பார். 'சி, தெங்கோ சீத்தா அ லாஸ் தியெஸ் இ மெதியா' என்றால் பத்தரைக்கு. முடிவெட்டும் கடையில் 'சீத்தா'வுக்குப் பதில் 'ஓரா' என்றும் கேட்பார்கள். 'பெதிர் ஓரா' என்றால் நேரம் வாங்குவது. அர்ஜென்டினாவில் இதற்கு 'துர்னோ' என்று வேறு சொல்லே உண்டு.

அதிகம் சிக்கல் வருவது வதிவிட அட்டைக்கான சீத்தாவில். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர் நாட்டில் நுழைந்த 1 மாதத்துக்குள் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். இணையத்தில் முதலில் மாகாணத்தையும், பிறகு 'தோமா தே உவேயாஸ்', அதாவது கைரேகை என்ற வகையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். வகை தவறினால் சீத்தா கிடைக்கும், ஆனால் அன்று கவுன்டரில் திருப்பி அனுப்புவார்கள். 'நோ ஐ சீத்தாஸ்' என்று வந்தால் காலி இடம் இல்லை என்று பொருள், உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படவில்லை. வேறு நாளில், வேறு நேரத்தில் முயலுங்கள். சீத்தா முற்றிலும் இலவசம். காசு வாங்கிக்கொண்டு விற்பவர்களை நம்ப வேண்டாம்.

அன்று கையில் இருக்க வேண்டியவை: நிரப்பிய எக்ஸ்-17 படிவம், 790 (குறியீடு 012) என்ற படிவத்தில் கட்டணம் கட்டிய ரசீது, பாஸ்போர்ட் (நகலும் சேர்த்து), வெள்ளைப் பின்னணியில் 32 x 26 மி.மீ. புகைப்படம், சீத்தா உறுதிச் சீட்டு. நகராட்சி தரும் 'பத்ரோன்' முகவரிச் சான்றையும் சில இடங்களில் கேட்பார்கள். அதற்கும் பெரும்பாலும் தனிச் சீத்தா வேண்டும், ஆகவே அதை முதலில் முடித்துவிடுங்கள். அட்டையை வாங்கப் போகும்போது பல மாகாணங்களில் இன்னொரு சீத்தா.

பெயர் விஷயத்தில் நமக்குத் தனிக் கவனம் வேண்டும். படிவத்தில் 'நொம்ப்ரெ' என்பது தன் பெயர், 'அபெயீதோ' குடும்பப் பெயர். அப்பா பெயரை இனிஷியலாக எழுதிப் பழகிய கையால் நிரப்பாமல், அனுமதிக் கடிதத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுத்துப் பிசகாமல் போடுங்கள்.

இனி சங்கடம் தரும் இடம். 'தெங்கோ ஊனா சீத்தா' என்று மொட்டையாகச் சொன்னால், காதலரைச் சந்திக்கப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். மேலாளரிடம் அனுமதி கேட்கையில் 'ஊனா'வை விட்டுவிட்டு 'தெங்கோ சீத்தா கொன் எல் மேதிகோ' (டாக்டரிடம்) என்று முழுதாகச் சொல்லுங்கள். வெறும் நண்பரைப் பார்க்கப் போவதற்குச் சீத்தா வராது. 'ஏ கெதாதோ கொன் ஊன் அமிகோ' என்பதே வழக்கு. கல்லூரிக் கட்டுரையில் வரும் சீத்தா மேற்கோள்.

'சித்தாசியோன்' என்று தபால் வந்தால் மட்டும் அலட்சியம் கூடாது. அது அப்பாயின்ட்மென்ட் அல்ல, சம்மன். தேதியைப் பார்த்து உடனே வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

சீத்தாவுக்குப் போக முடியாவிட்டால் சும்மா விட்டுவிடாதீர்கள். உறுதிச் சீட்டில் உள்ள எண்ணைப் போட்டு ரத்து செய்யுங்கள். பழையது உயிரோடு இருக்கும்வரை அதே வேலைக்கு இன்னொன்று தராத தளங்கள் உண்டு.