கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்

குறும்படங்களுக்கு இசையமைத்துவந்த நான் முதன்முதலாக ஒரு வீடியோ கேமுக்குச் சண்டை இசை எழுதினேன். எதிரி விழுந்து இரண்டு நிமிடம் ஆகியும் முரசு கொட்டிக்கொண்டே இருந்தது. சினிமாவில் இந்தச் சிக்கலே வராது. எடிட் முடிந்த காட்சி கையில் இருக்கும். விநாடிக்கு 24 ஃபிரேம், கதவு எந்த ஃபிரேமில் திறக்கிறது என்றுகூடத் தெரியும். கேமில் அதே கதவைத் திறக்க ஆடுபவர் ஐந்து விநாடி எடுக்கலாம், அரை மணி நேரமும் எடுக்கலாம்.

இந்த வித்தியாசத்தைக் காதால் பிடிக்க ஒரு வழி இருக்கிறது.

முதலில், பிடித்த ஒரு படக்காட்சியை ஒலியோடு ஒருமுறை, ஒலியில்லாமல் ஒருமுறை, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை போடுங்கள். இசை எங்கே நுழைகிறது, எந்த வசனத்துக்கு ஒதுங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கேம். எதிரி இல்லாத இடத்தில் ஆளை நிறுத்திவிட்டு, கன்ட்ரோலரைக் கீழே வையுங்கள். பத்து நிமிடம் ஒன்றும் செய்ய வேண்டாம். இசை எப்போது தொடக்கத்துக்குத் திரும்புகிறது? ஒட்டுப் போட்ட இடம் கேட்கிறதா? இப்படித் திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டுதான் லூப். நல்ல லூப்பில் கடைசிச் சுரத்தின் ரீங்காரம் முதல் சுரத்தின் மேல் படிந்திருக்கும், ஒட்டு தெரியாது.

இனி மெல்ல எதிரியை நோக்கி நடங்கள். மெட்டு மாறுகிறதா, இல்லை அதே மெட்டின் மேல் தாளம் ஏறுகிறதா? 1990இல் வந்த சூப்பர் மாரியோ வேர்ல்டில் யோஷி என்ற டைனோசரின் முதுகில் ஏறினால் ஓடிக்கொண்டிருக்கும் இசையோடு போங்கோ மேளம் சேரும், இறங்கினால் நின்றுவிடும். ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பாருங்கள். எனக்கு இது அவ்வளவு பிடிக்கும்! 1978இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் நான்கே சுரங்கள்தான். எதிரிகள் குறையக் குறைய அவை வேகமெடுக்கும், கூடவே நம் நெஞ்சும் படபடக்கும்.

அதனால் கேம் இசையை ஆல்பத்தில் மட்டும் கேட்டு எடை போடாதீர்கள். ஆடும்போது அது எப்படி மாறுகிறது என்பது அதில் இருக்காது.

சரி, என் முரசுக்கு வருகிறேன். அதை ஒரு பார் (தாளத்தின் ஒரு சுற்று) நீளத் துண்டுகளாக வெட்டி, தனியாக ஒரு சின்ன முடிப்பும் எழுதினேன். எதிரி விழுந்ததும் அந்த பார் முடியும்வரை ஓடிவிட்டு இசை முடிப்புக்குத் தாவும். எஃப்மோட், வைஸ் போன்ற மென்பொருள்கள் இந்தத் தாவலைப் பார்த்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 120 துடிப்பு என்றால் நான்கு துடிப்புள்ள பார் 2 விநாடி. அந்தத் தாமதம் உறுத்தாது. வேகம் அதில் பாதிதான் என்றால், அரை பாருக்கு ஒருமுறை வெளியேற வழி வையுங்கள்.