‘டெத் மேக்னடிக்’ ஏன் கரகரக்கிறது: நீங்களே சோதித்துப் பார்க்கும் வழி

அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் ஒன்பதாவது ஸ்டூடியோ ஆல்பமான ‘டெத் மேக்னடிக்’ 2008 செப்டம்பர் 12 அன்று வெளியானது. அதற்கு முந்தைய ‘செயின்ட் ஆங்கர்’ (2003) கிட்டார் சோலோவே இல்லாமல், தகர டப்பாவைத் தட்டுவது போன்ற ஸ்னேர் டிரம் சத்தத்தோடு வந்து ரசிகர்களின் பொறுமையைச் சோதித்திருந்தது. ரிக் ரூபின் தயாரிப்பில் சோலோக்களும் நீண்ட பாடல்களும் திரும்பின. அமெரிக்கப் பட்டியலில் ஆல்பம் முதலிடம் பிடித்தது. ஆனால் பாடல்களைப் பாராட்டியவர்களே ஒலியைத் திட்டினார்கள்: சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றியதில் ஒலி அலையின் முனைகள் வெட்டுப்பட்டு (இதுவே ‘கிளிப்பிங்’) தட்டையாகி, கரகரக்கிறது என்று. திட்டு நியாயமா என்று பார்க்க ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும்.

2008 சிடியிலிருந்து எடுத்த, தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பு வேண்டும். எம்பி3 உதவாது: சுருக்கும்போது அலையின் தட்டையான முனைகள் நெளிந்துவிடும், வெட்டு இருந்தும் கண்ணில் படாது. யூடியூப் பதிவுக்கும் இதே கதிதான்.

‘தி டே தட் நெவர் கம்ஸ்’ பாடலைத் திறங்கள். அமைதியாகத் தொடங்கிப் பின்பாதியில் வெறியேறும் பாட்டு என்பதால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ‘வியூ’ மெனுவில் ‘ஷோ கிளிப்பிங்’கை இயக்கினால், உச்ச அளவைத் தொட்ட இடங்களில் சிவப்புக் கோடுகள் விழும். இதை மட்டும் நம்ப வேண்டாம். அலையை முதலில் வெட்டிவிட்டுப் பிறகு ஒலியளவை அரை டெசிபெல் குறைத்திருந்தால் ஒரு சிவப்புக் கோடும் வராது. வெட்டு அப்படியே இருக்கும். ஆகவே பின்பாதியில் ஒரு டிரம் அடியைத் தேர்ந்து, தனித்தனிப் புள்ளிகள் தெரியும்வரை பெரிதாக்குங்கள். சிடியில் ஒரு வினாடிக்கு 44,100 புள்ளிகள். நல்ல பதிவில் முனை வளைந்து இறங்கும். வெட்டுப்பட்டதில் அடுத்தடுத்த பல புள்ளிகள் ஒரே உயரத்தில், கத்தியால் சீவியதுபோல் நிற்கும். ஒன்றிரண்டு புள்ளிகள் அப்படி இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். அடிக்கு அடி அப்படியே இருந்தால்தான் குற்றச்சாட்டு நிற்கும்.

அடுத்து டிஆர் (டைனமிக் ரேஞ்ச்) அளவு. உச்ச ஒலிக்கும், பாட்டின் மிகச் சத்தமான ஐந்தில் ஒரு பங்கின் சராசரிக்கும் உள்ள இடைவெளி அது; எண் சிறியதானால் ஒலி அதிகம் நசுங்கியிருக்கிறது என்று பொருள். ஃபூபார்2000 பிளேயரில் இதற்கான துணைநிரல் கிடைக்கும். இந்த சிடிக்கு ஏறக்குறைய 3 வரும். இதே குழுவின் 1991 ஆல்பத்தின் பழைய சிடிக்கு 10க்கு மேல். வினைல் தட்டிலிருந்து எடுத்த கோப்பை இப்படி அளக்காதீர்கள். ஊசியும் தட்டும் அலையின் வடிவத்தைக் குலைப்பதால், அதே மாஸ்டராக (வெளியீட்டுக்கான இறுதிப் பதிவாக) இருந்தாலும் எண் கூடுதலாகக் காட்டும்.

இனி காது. இரண்டு ஆல்பங்களை அப்படியே மாற்றி மாற்றிக் கேட்டால், சத்தமானதே சிறந்ததாகப் படும். எல்லோர் காதும் ஏமாறும் இடம் இது. ஆடாசிட்டியின் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ வழியாக இரண்டையும் -23 எல்யுஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தின் அலகு) அளவுக்கு இறக்குங்கள். இடது, வலது சேனல்களைத் தனித்தனியாகச் சமன் செய்யும் பெட்டியில் டிக் இருக்கக் கூடாது; இருந்தால் ஸ்டீரியோ சாய்ந்துவிடும். இப்போது கிக் டிரம் விழும்போது கூடவே ஒரு கரகரப்பு வருகிறதா, சிம்பல்கள் ஒன்றோடொன்று கலங்குகின்றனவா என்று கேளுங்கள். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது ஒலி மேலே எழ இடமின்றி அங்கேயே முட்டி நிற்பதும் கேட்கும். முதல் ஐந்து நிமிடம் உற்சாகமாகத்தான் இருக்கும். முழு ஆல்பம் 75 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, காது சலித்துப்போவது அங்கேதான்.

ரீமிக்ஸோ (வாத்தியத் தடங்களை மறுபடி கலப்பது) ரீமாஸ்டரோ (கலந்து முடித்த பதிவை மறுபடி மெருகேற்றுவது) செய்யச் சொல்லி ரசிகர்கள் போட்ட மனுவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். இரண்டில் ரீமிக்ஸ்தான் உருப்படியான கோரிக்கை. தன் கைக்கு வரும்போதே மிக்ஸ் நசுங்கியிருந்தது என்று மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன் எழுதிய பதில் வெளியே வந்தது. மிக்ஸிலேயே சீவப்பட்டதை மாஸ்டரிங்கில் மீட்க முடியாது. அதே நேரத்தில் ‘கிட்டார் ஹீரோ 3’ வீடியோ விளையாட்டுக்கு வந்த பதிப்பில் இந்தக் கரகரப்பு இல்லை. ஆடுபவர் தவறினால் கிட்டாரை மட்டும் ஊமையாக்க வேண்டியிருப்பதால், அந்த விளையாட்டுக்கு வாத்தியங்களின் தடங்களைத் தனித்தனியாகத்தான் தர வேண்டும். கடைசி நசுக்கல் அவற்றின்மேல் விழவில்லை. பதிவு சுத்தமாகவே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கையிலுள்ள சிடியைச் சரிசெய்ய ஆடாசிட்டியின் ‘கிளிப் ஃபிக்ஸ்’ ஓரளவு உதவும். வரம்பு 95 சதவீதம், ஒலிக்குறைப்பு -9 டெசிபெல் என்று அதில் ஏற்கனவே இருக்கும். அந்தக் குறைப்பை எடுத்துவிட்டால் புதிதாக வரையும் முனைகள் மறுபடி உச்சத்தில் முட்டும். மூன்று நான்கு புள்ளிகள் போன இடத்தில் நன்றாக ஊகிக்கும், நீண்ட வெட்டில் தடுமாறும். முழுப் பாட்டுக்கும் மெதுவாகவே ஓடும் என்பதால், முதலில் 20 வினாடித் துண்டில் போட்டுக் கேளுங்கள்.