ஃப்ரெட் அடிப்பதற்கு முன் ஃபிங்கர்போர்டைப் பாருங்கள்

எலக்ட்ரிக் கிட்டாரின் கழுத்தில் (நெக்) குறுக்கே பதிந்திருக்கும் உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளைப் புதிதாகப் போடும்போது என் நேரம் பெரும்பாலும் சுத்தியலை எடுப்பதற்கு முன்பே கழிந்துவிடும். ஃப்ரெட்டுகள் பதியும் பலகையான ஃபிங்கர்போர்டின் மேடு பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு, பிறகு ஃப்ரெட்டின் தலையைச் சீவி மட்டம் பார்ப்பவர்கள் உண்டு. புது ஃப்ரெட்டின் ஆயுள் அங்கேயே பாதி போய்விடும்.

நெக்குக்குள் இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் திருகி நெக்கை நேராக்கி, நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். ஃபிங்கர்போர்டின் வளைவின் ஆரம் பழைய ஃபெண்டர் கிட்டார்களில் 7.25 அங்குலம், கிப்ஸன் கிட்டார்களில் பெரும்பாலும் 12. அதே வளைவுள்ள கட்டையில் உப்புத்தாள் ஒட்டி, நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். தேய்த்ததில், ஃப்ரெட் இறங்கும் பள்ளமான ஸ்லாட்டின் ஆழம் குறைந்திருக்கும். ஃப்ரெட் ரம்பத்தால் மீட்டுக்கொண்டு தூளை எடுங்கள். ஸ்லாட் விளிம்புகளை முக்கோண அரத்தால் லேசாக வருடிவிடுங்கள். ஃப்ரெட் படிந்து உட்காரும், அடுத்த முறை பிடுங்கும்போது மரம் சிதறாது.

ஃப்ரெட்டின் அடிப்பகுதி ஸ்லாட்டுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் எனக்கு மிக முக்கியம். ஸ்லாட் அகலம் வழக்கமாக 0.6 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். எல்லா ஸ்லாட்டிலும் கொஞ்சம் இறுக்கம் கூடினாலே போதும், அத்தனை ஃப்ரெட்டும் ஆப்பு அடித்தது போலச் சேர்ந்து நெக்கைப் பின்பக்கம் வளைத்துவிடும். தளர்வாக இருந்தால் முனைகள் எழும்பும்.

ஃபிங்கர்போர்டை விடச் சற்றுக் கூடுதலாக ஃப்ரெட்டை வளைத்துக்கொள்ளுங்கள். நெக்கை மணல் பையில் தாங்கி, முனைகளை முதலில் தட்டி, அப்புறம் நடுவுக்கு வாருங்கள். சரியாக உட்கார்ந்ததும் அடியின் சத்தம் மாறி, கெட்டியாகக் கேட்கும். நான் கண்ணை விட அந்தச் சத்தத்தைத்தான் நம்புகிறேன். முனை எழும்பினால் நீர்த்த சூப்பர் க்ளூ ஒரு துளி விட்டு அழுத்திப் பிடியுங்கள்.

நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை வெட்டி, அரத்தால் 35 டிகிரி அளவுக்குச் சரியுங்கள். நெக் நேராக இருப்பதை மறுபடி உறுதிசெய்து, ஃப்ரெட் தலைகளில் மார்க்கர் பூசி, 400 எண் உப்புத்தாள் ஒட்டிய நேரான சட்டத்தால் தேயுங்கள். எல்லா ஃப்ரெட்டிலும் மை தொடப்பட்டதும் உடனே நிறுத்துங்கள். பிறகு மறுபடி மை பூசி, கிரவுனிங் அரத்தால் தலையை உருட்டுங்கள். நடுவில் மெல்லிய மைக்கோடு மட்டும் மிஞ்சட்டும். தலை தட்டையாக இருந்தால் ஸ்வரம் விலகும், வாசிப்புக் கம்பி இரையும்.

முனைகளுக்கு அவசரப்படாதீர்கள். வாசிப்பவரின் கை நாள் முழுக்க உரசுவது அங்கேதான். ஓரம் வழுவழுப்பான சிறு அரத்தால் ஒவ்வொரு மூலையையும் உருட்டி, விரலை ஓட்டிப் பாருங்கள்.

மெருகுக்கு, ஃபிங்கர்போர்டில் டேப் ஒட்டிவிட்டு 600 எண் உப்புத்தாளில் தொடங்கி 2000 வரை போங்கள். கிட்டாரிலேயே வைத்து ஸ்டீல் வுல் பயன்படுத்தினால் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தமுள்ள பிக்கப்பையும் மூடுங்கள். காந்தத்தில் ஒட்டிய இரும்புத்தூள் எளிதில் போகாது.

வாசிப்புக் கம்பிகளைக் கட்டி, ட்யூன் செய்து, அந்த இழுவைக்கு ஏற்ப டிரஸ் ராடைச் சரிசெய்யுங்கள். பிறகு 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே மேல்ஸ்தாயிக் கம்பிகளை வளைத்து வாசியுங்கள். 7.25 வளைவில் ஸ்வரம் அடைத்து நின்றுவிட்டால், ஃப்ரெட்டில் கைவைக்காமல் முதலில் கம்பியின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.