இரையும் மின்மாற்றி: மலையக வீடுகளில் 12 வோல்ட் விளக்குகளைப் பாதுகாப்பாகப் பொருத்தும் முறை

சாமிப்படத்தருகே எரியும் சிறு விளக்கு, அழைப்பு மணி, தொலைக்காட்சி அன்ரனாவின் பூஸ்டர், நுவரெலியா, பண்டாரவளை, எல்ல பக்கத்து விருந்தினர் விடுதிகளின் உட்கூரையில் பதித்த விளக்குகள் ஆகியவற்றுக்கெல்லாம் பின்னால், 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாகவோ அதற்கு அண்மித்த அளவாகவோ இறக்கித் தரும் ஒரு சிறிய மின்மாற்றி இருக்கிறது. அது இரையத் தொடங்கினால், சத்தம் காதில் விழாதபடி அதைப் பலகை உட்கூரைக்கு மேலே தள்ளிவிடுவதே பலரும் செய்கிற வேலை. தகரக் கூரைக்கும் காய்ந்த பலகைக்கும் இடையில், காற்றோட்டமின்றி, யார் கண்ணிலும் படாமல் சூடேறும் மின்மாற்றி தீப்பிடிக்கக் கூடிய பொருளாகிவிடுகிறது. அதுவும் கூரை ஒன்றாக ஓடும் லயன் வரிசையில் அது ஒரு குடும்பத்தோடு நிற்கும் ஆபத்தன்று. ஆகவே, சத்தத்தை மறைப்பதற்கு முன் அதன் காரணத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த மின்மாற்றியில் சிறிதளவு இரைச்சல் இயல்பானது. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் மீடிறன் (அதிர்வெண்) கொண்டது. அதன் ஒவ்வொரு சுற்றிலும், கம்பிச் சுருளின் நடுவேயுள்ள இரும்பு அகணி இரண்டு தடவை காந்தமாகி, கண்ணுக்குத் தெரியாத அளவில் நீண்டு சுருங்குவதால், 100 ஹேர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த முரலல் எழுகிறது. இரவு பிந்தி, அயல் வீடுகளின் பாவனை குறைந்து, மின்னழுத்தம் சற்று ஏறும்போது அந்த முரலலும் கூடும். அதைப் பழுது என்று எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை. முன்பு அமைதியாக இருந்தது திடீரென அதிர்ந்து கத்துவது, சத்தத்தோடு வார்னிஷ் கருகும் வாசம் வருவது, உறை பழுப்பேறுவது, அதே விளக்குகள் எரியும்போதே முன்பைவிட அதிகமாகச் சுடுவது ஆகியவை வேறு வகை. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மின்சாரத்தைத் துண்டித்து, புதிய மின்மாற்றி ஒன்றை மாற்றிவிடுங்கள். உறையைத் திறந்து வார்னிஷ் ஊற்றித் தகடுகளை இறுக்கும் வேலையை வீட்டில் செய்யவே கூடாது.

இயல்பான முரலலே பெரிதாகக் கேட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அது பொருத்தப்பட்ட இடத்தைத்தான். மெல்லிய பலகைத் தடுப்பில் இறுக்கித் திருகிய மின்மாற்றியின் அதிர்வைப் பலகை முழுவதும் வாங்கி, தப்பு மேளத்தின் தோலைப் போல வெளியே தள்ளுகிறது. இதைச் சோதிக்க, மெயின் சுவிட்சை அணைத்து, பொருத்தாணிகளை மட்டும் கழற்றி, மூடியும் வயர்களும் அசையாமல் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, மின்மாற்றியைத் தடித்த உலர்ந்த றப்பர் விரிப்பொன்றின் மேல் வைத்து, மீண்டும் மின்சாரம் கொடுத்து, கை வைக்காமல் ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். சத்தம் கணிசமாகக் குறைந்தால் மின்மாற்றியில் குறையில்லை. கல் அல்லது சீமெந்துச் சுவரில், ஒவ்வொரு ஆணிக்கும் வெப்பம் தாங்கும் றப்பர் வளையமிட்டு, றப்பர் நசுங்கித் தட்டையாகாத அளவுக்கு மட்டும் இறுக்கினாலே போதும்.

வளைய வடிவ அகணி கொண்டவை பொதுவாக அமைதியானவை. ஆனாலும் அரை வேகத்தில் ஓடும் தலைமுடி உலர்த்தி போன்ற சில சாதனங்கள் மின்னலையின் ஒரு பாதியை மட்டும் உறிஞ்சும்போது இவ்வகை மின்மாற்றிகளும் முனகும். அந்தச் சாதனத்தை அணைத்ததும் சத்தம் நின்றுவிடும். இவ்வகையைப் பொருத்துகையில், நடுவே செல்லும் போல்ட்டின் இரு முனைகளும் ஒரே உலோகப் பெட்டியைத் தொடக் கூடாது. தொட்டால் அது மூடிய சுற்றாகி, பெரும் மின்னோட்டம் பாய்ந்து மின்மாற்றி எரிந்துபோகும்.

இலத்திரனியல் மின்மாற்றிகள் வேறு காரணத்தால் இரைகின்றன. ‘35–105 வாட்’ என்று பொறித்த ஒன்று, குறைந்தது 35 வாட் சுமை இருந்தால்தான் ஒழுங்காக இயங்கும். இரண்டு 50 வாட் ஹலோஜன் பல்புகளைக் கழற்றிவிட்டு 5 வாட் எல்ஈடி இரண்டைப் போட்டால் சுமை 10 வாட் ஆகிவிடுகிறது; அப்போது அது கீச்சிடும், விளக்கு சிமிட்டும். எல்ஈடிக்கென்றே செய்த மின்வழங்கியை வாங்குவதே இதற்குச் சரியான வழி. நேரோட்டத்துக்கு (டீசீ) உரியது என்று குறித்த எல்ஈடி பட்டியை ஆடலோட்ட (ஏசீ) மின்மாற்றியில் இணைக்கவும் கூடாது. ஒளிமங்கல் சுவிட்ச் இருந்தால், மின்மாற்றிக்குப் பொருந்தும் வகைதானா என்று பாருங்கள்; பொருந்தாத சுவிட்ச், நல்ல மின்மாற்றியையும் இரைய வைக்கும்.

வாங்கும்போது, வெளியீட்டை 230 வோல்ட் பக்கமான முதன்மைச் சுற்றிலிருந்து முழுமையாகப் பிரிக்கும் பாதுகாப்புத் தனிமை மின்மாற்றியா என்று கேளுங்கள். சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் (ஐஈசி) 61558-2-6 என்ற நியம எண் அதற்குரியது. ஒற்றைச் சுருளால் மின்னழுத்தத்தை இறக்கும் ஓட்டோ மின்மாற்றியில் அந்தப் பிரிப்பு இல்லை; ஏதேனும் கோளாறு ஏற்பட்டால் 230 வோல்ட்டே விளக்கு வரை வந்துவிடும். விலை குறைவு என்பதற்காக அதை எடுக்காதீர்கள். தகட்டு மின்மாற்றியில் விளக்குகளின் மொத்தச் சுமையைவிடச் சற்றுக் கூடிய அளவைத் தேர்ந்தால் சூடும் குறையும், சத்தமும் குறையும்: 48 வாட்டுக்கு 60 விஏ (வோல்ட்-அம்பியர்) பொருத்தமானது.

இடத் தெரிவில்தான் மலையகத்தின் குளிரும் ஈரமும் கணக்கில் வருகின்றன. விடியற்காலையில் தகரத்தின் உட்புறம் நீர் முத்துக்கட்டிச் சொட்டும் வீடுகளில், கூரையடியில் வைத்த மின்மாற்றியின் முனைகளில் பச்சை படிந்து அரிப்பு ஏறும். விறகடுப்புக்கு அருகில் கரி படியும். விறகு அடுக்கிய மூலையிலும் துணி அலுமாரியிலும் வெப்பம் தேங்கும். கைக்கு எட்டும் உயரத்தில், உலர்ந்த உட்சுவரில், சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். குளியலறை விளக்குக்கான மின்மாற்றி குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். முற்றத்துக்கு என்றால் தூசும் நீரும் புகாமையைக் குறிக்கும் அடைப்புத் தரம் ஐபி 44 அல்லது அதற்கு மேற்பட்டதாக வேண்டும். ஹற்றன், மஸ்கெலியா பக்கத்துத் தென்மேற்குப் பருவமழைக்கு ஐபி 65 ஐயே நான் சொல்வேன்.

12 வோல்ட் உடலுக்குத் தீங்கு குறைந்தது என்பது உண்மை. அதனால் அது தீ மூட்டாது என்று நினைப்பது தவறு. 60 வாட் சுமை 230 வோல்ட்டில் கால் அம்பியர் அளவையே இழுக்கும். 12 வோல்ட்டில் 5 அம்பியர் இழுக்கும். 5 மீற்றர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போட்டால் ஏறத்தாழ 0.6 வோல்ட் இழக்கிறோம். அதே தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயர் போட்டால் இழப்பு 2 வோல்ட்டை நெருங்கி, ஏறக்குறைய 10 வாட் வெப்பம் வயரிலேயே உண்டாகும். எனவே மின்மாற்றியை விளக்குகளுக்குக் கிட்ட வைத்து, வெளியீட்டுப் பக்கத்திலும் தகுந்த உருகி (பியூஸ்) ஒன்றைச் சேருங்கள். சுவரிலுள்ள ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவில் விழுந்து உயிரைக் காக்கும்; ஆனால் தனிமைப்படுத்திய வெளியீட்டில் நேரும் கோளாறு அதற்குத் தெரியாது.

உள்ளீட்டு வயரையும் வெளியீட்டு வயரையும் ஒரே குழாயில் திணிக்காதீர்கள். செருகியோடு இணைப்பதானால், 13 அம்பியர் சதுர முள் செருகிக்குள் 3 அம்பியர் உருகியைப் போடுங்கள். உலோக உறைக்கு எர்த் தேவைப்பட்டால் அதைத் தவிர்க்காதீர்கள். ஆனால் 12 வோல்ட் பக்கத்தை எர்த்தோடு இணைக்கவே கூடாது. நிலையான வயரிங்கில் செய்யும் இணைப்பைத் தகைமை பெற்ற மின்னிணைப்பாளரிடம் விடுங்கள்.

பூஸ்டரின் சிறு மின்மாற்றி பெரும்பாலான வீடுகளில் இரவு பகலாகச் செருகியபடியே கிடக்கிறது. தொலைக்காட்சியை அணைக்கும்போது அதையும் அணையுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வருமுன்னரே அதன் செருகியையும் அன்ரனா வயரையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பின் அவற்றில் கை வைக்க வேண்டாம். புதிதாகப் பொருத்திய மின்மாற்றியை முதல் நாள் மாலையில் எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, ஒரு மணித்தியாலம் கழித்துப் புறங்கையை உறைக்கு அருகே கொண்டுசென்று சூட்டைப் பாருங்கள். ஒரு கிழமை சென்றதும் மெயினை அணைத்துவிட்டு முனைத் திருகுகளை மறுபடி இறுக்குங்கள்.