கொல்லையில் புளூபேர்ட்: பெட்டி மாட்டுவது முதல் குஞ்சு பறப்பது வரை

பிப்ரவரி பிறந்ததும் அமெரிக்காவின் நார்த் கரோலினாவில் புளூபேர்ட் என்னும் நீலப் பறவை ஜோடிகள் வீடு பார்க்கக் கிளம்பிவிடும். அவை கூடு கட்டுவதற்குப் பெட்டி வைக்க ஆசைப்படுபவர்கள் இப்போதே வேலையைத் தொடங்குவது நல்லது. ஐந்து வருடமாக எங்கள் கொல்லையில் பெட்டி இருக்கிறது. அதில் கற்றுக்கொண்டதை, முதன்முறை செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பறவையைத் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் புளூபேர்ட் மூன்று வகை: கிழக்கு, மேற்கு, மலை. நம் பகுதியில் இருப்பது கிழக்கு வகை. ஆணுக்கு முதுகு முழுக்க அடர்நீலம், மார்பு செங்கல் நிறம், வயிறு வெள்ளை. பெண்ணுக்கு அதே நிறங்கள் வெளுத்த மாதிரி இருக்கும். எடை 30 கிராம்தான். அந்த நீலத்தில் நிறமியே கிடையாது. இறகின் நுண்ணமைப்பு நீல ஒளியைச் சிதறடிப்பதால் கண்ணுக்குத் தெரிகிற நிறம் அது. மேகமூட்டத்தில் மங்கலாக உட்கார்ந்திருக்கும் பறவை, வெயில் பட்டதும் சட்டென்று பற்றிக்கொள்ளும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஃபேரி புளூபேர்ட் உண்டு, ஆனால் அதற்கும் இதற்கும் உறவில்லை. இது த்ரஷ் என்னும் பறவைக் குடும்பம். இங்கே புல்வெளியில் ஓடும் ராபினுக்குச் சொந்தம்.

இதற்கு மரத்தைக் குடைந்து பொந்து செய்யத் தெரியாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில்தான் குடியேறும். பட்டமரங்களை மனிதர்கள் வெட்டினார்கள். 1850களில் புரூக்ளினில் சிட்டுக்குருவியையும், 1890இல் நியூயார்க்கில் ஸ்டார்லிங் பறவையையும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இருந்த பொந்துகளையும் அவை பிடித்துக்கொள்ள, புளூபேர்ட் குறைந்துகொண்டே போனது. 1934இல் இல்லினாய் மாநிலத்தில் தாமஸ் மஸல்மன் என்பவர் சாலையோரம் வரிசையாகப் பெட்டிகள் மாட்டத் தொடங்கினார். 1978இல் லாரன்ஸ் ஸெலனி என்பவர் இதற்கென்றே வட அமெரிக்க புளூபேர்ட் சங்கத்தை நிறுவினார். இன்று இந்தப் பறவை கண்ணில் படுவதில் இப்படி மனிதர்கள் மாட்டிய பெட்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

படி 1: இடம்

குட்டையான புல், ஆங்காங்கே ஒரு மரம், உட்கார ஒரு வேலி. இதுதான் அதற்குப் பிடித்த இடம். தாழ்வான கிளையில் அசையாமல் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். வெட்டுக்கிளி அசைந்ததும் இறங்கிக் கவ்விக்கொண்டு திரும்பிவிடும். அடர்ந்த புதருக்குப் பக்கத்தில் வைத்தால் ரென் பறவை வந்துவிடும். வீட்டுச் சுவரை ஒட்டி வைத்தால் சிட்டுக்குருவி. வாசல் கிழக்குப் பார்த்து இருக்கட்டும். எதிரே 100 அடிக்குள் ஒரு மரம் இருந்தால், முதன்முதலில் பறக்கும் குஞ்சுக்குப் போய் உட்கார இடம் கிடைக்கும். பூச்சிமருந்து அடிக்கும் புல்வெளி வேண்டவே வேண்டாம்.

படி 2: பெட்டியும் கம்பமும்

சாயம் பூசாத சிடார் அல்லது பைன் பலகை, முக்கால் அங்குல கனம். உள்தரை 5க்கு 5 அங்குலம். வாசல் துளை சரியாக 1.5 அங்குலம், அதில் ஸ்டார்லிங்கால் நுழைய முடியாது. மேலே காற்றுக்கு, கீழே தண்ணீர் வடிய ஓட்டைகள் வேண்டும். ஒரு பக்கப் பலகை திறந்து மூடும்படி இருக்க வேண்டும். துளைக்குக் கீழே குச்சி வைத்த அலங்காரப் பெட்டிகளை வாங்காதீர்கள். புளூபேர்டுக்கு அந்தக் குச்சி தேவையில்லை, எதிரிக்குத்தான் வசதி.

மரத்திலோ வேலியிலோ ஆணியடித்து மாட்டினால் பாம்பும் ரக்கூனும் ஏறிவிடும். வழவழப்பான இரும்புக் குழாயை நட்டு, துளை தரையிலிருந்து 5 அடி உயரத்தில் வருமாறு பெட்டியை மாட்டுங்கள். பெட்டிக்குக் கீழே, குழாயைச் சுற்றி 2 அடி நீளமுள்ள அகலமான தகரக் குழாயை, மேல்வாய் அடைத்துத் தொங்கவிடுங்கள். இதைத்தான் பேஃபிள் என்பார்கள். பெட்டிக்குச் செலவழித்துவிட்டு இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

படி 3: வாராவாரம் திறந்து பாருங்கள்

இதற்கு நேரமில்லை என்றால் தயவுசெய்து பெட்டியே வைக்காதீர்கள். முதல் வருடம் நான் மாட்டிவிட்டு இரண்டு வாரம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திறந்தபோது பெண் பறவை முட்டைகளின் மேலேயே செத்துக் கிடந்தது. தலையெல்லாம் கொத்துக் காயம். அதன் உடம்புக்கு மேலேயே வைக்கோல், கோழி இறகு, கிழிந்த டிஷ்யூ பேப்பர் என்று போட்டுச் சிட்டுக்குருவி கூடு கட்டத் தொடங்கியிருந்தது.

சென்னையில் என் அம்மா சிட்டுக்குருவிக்கென்று பால்கனியில் அட்டைப்பெட்டி கட்டி வைத்திருக்கிறார். நானும் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவன்தான். அதே குருவியைத் தடுக்கச் சொல்லி எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் இந்த மண்ணுக்கு அதைக் கொண்டுவந்தது மனிதர்கள். புளூபேர்டைப் பெட்டிக்குள் அழைப்பவரும் மனிதர்தான். அழைத்த பிறகு அதைக் காப்பது நம் பொறுப்பு.

உள்ளே இருப்பது யார் கூடு? உலர்ந்த மெல்லிய புல்லோ பைன் ஊசியிலையோ மட்டும் வைத்துக் கிண்ணம் மாதிரி பின்னியிருந்தால் புளூபேர்ட். பாசி இருந்தால் சிக்கடீ என்னும் சிறு பறவை. குச்சிக் குவியல் என்றால் ரென். குப்பையும் இறகும் கலந்து மேலே கூரை மாதிரி வளைந்திருந்தால் சிட்டுக்குருவி. அதன் கூட்டை மட்டும் எடுத்துவிடலாம்; மற்றவை 1918ஆம் ஆண்டு அமெரிக்க வலசைப் பறவைச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன, தொடக் கூடாது. குருவியைப் பொறி வைத்துப் பிடிப்பவர்களும் உண்டு. எனக்கு மனம் வரவில்லை. புளூபேர்ட் முதல் முட்டை இட்டதும், பெட்டியின் கூரைக்கு மேலே ஒரு குச்சி நிறுத்தி, பளபளக்கும் மைலார் பிளாஸ்டிக் கீற்றுகளைக் கூரையில் உரசும்படி தொங்கவிடுகிறேன். குருவி மிரண்டு ஒதுங்குகிறது. முட்டையிட்ட தாய் பழகிக்கொள்கிறது. தினையும் உடைத்த சோளமும் கலந்த தீவனம் வைப்பதையும் நிறுத்திவிட்டேன், குருவிக் கூட்டத்தை அழைப்பதே அதுதான்.

முட்டை தினம் ஒன்று, மொத்தம் 4 அல்லது 5. வெளிர்நீலம், சிலசமயம் வெள்ளையாகவும் இருக்கும். கடைசி முட்டைக்குப் பிறகுதான் தாய் அடைகாக்க உட்காரும். இரண்டு வாரத்துக்குள் பொரியும். திறக்கும் முன் பெட்டியை மெல்லத் தட்டுங்கள், தாய் வெளியே பறந்துவிடும். அரை நிமிடத்தில் பார்த்து மூடிவிடுங்கள். பொரித்து 12 நாள் ஆனபின் திறக்காதீர்கள். பறக்கத் தெரியாத குஞ்சு பயத்தில் வெளியே குதித்துவிடும்.

படி 4: தீனி

மீல்வர்ம் புழுவைச் சின்னக் கிண்ணத்தில் காலையும் மாலையும் ஒரு கரண்டி வைத்தால் போதும். குளிர்காலத்துக்கு டாக்வுட், ஹாலி, சிவப்பு சிடார் மரங்களை நடுங்கள். பூச்சி கிடைக்காத மாதங்களில் பழங்களால்தான் அதன் வயிறு நிறைகிறது. ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள்.

பொரித்து 16 முதல் 20 நாளுக்குள் குஞ்சுகள் பறந்துவிடும். அன்றே பழைய கூட்டை எடுத்துப் பெட்டியைத் துடைத்து வையுங்கள். கோடை முடிவதற்குள் அதே ஜோடி இன்னொரு முறை, சில வருடம் இரண்டு முறைகூட, முட்டையிடும். முதல் ஈட்டுக் குஞ்சு ஒன்று தம்பி தங்கைகளுக்குப் புழு ஊட்டியதைப் போன ஜூலையில் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதன் மார்பில் குஞ்சுப்பருவப் புள்ளிகள் இன்னும் மறையவில்லை.